தொலைந்ததா, சிதைந்ததா

பல்கலைக்கழகத்தின் சான்றிதழ்ப் பிரிவில் ஏழாம் எண் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பெயர் இருக்கும். எனக்குத் தெரியாது. வரிசையில் நிற்கிற எல்லாரும் அவரை ‘ஏழு’ என்றுதான் சொன்னார்கள். “ஏழு டீ குடிக்கப் போயிருக்கு.” “ஏழு இன்னிக்கு நல்ல மூடுல இருக்கு, சீக்கிரம் போங்க.” அந்த ஏழுதான் என் பட்டச் சான்றிதழைக் கையில் வாங்கி இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று சத்தம் வந்தது. காகிதத்தைத் தட்டினால் அந்தச் சத்தம் வராது.

“யாரு லேமினேட் பண்ணினது?”

“அப்பா.”

“எதுக்கு?”

“தண்ணி படாம இருக்கட்டும்னு.”

“அப்ப குளிக்கப் போறப்ப கையோட எடுத்துட்டுப் போவீங்களோ.”

எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முத்திரையை மையில் ஒற்றி, சான்றிதழின் பின்பக்கம் வைத்து அழுத்தினார். வட்டமாக, நீலமாக, அழகாகத்தான் விழுந்தது. பிறகு கட்டைவிரலால் ஒரு இழு இழுத்தார். பல்கலைக்கழகச் சின்னம், பதிவாளரின் பதவி, தேதி எல்லாம் ஒரே நீலக் கறையாகி அவர் விரலோடு போயிற்று.

“பார்த்தீங்களா? பிளாஸ்டிக் மேல மை நிக்காது. பேப்பர் மேல சீல் விழணும். விழலைன்னா வெளிநாட்டுக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பிரிச்சு எடுத்துட்டு வாங்க.”

“எப்படிங்க பிரிக்கறது?”

“ஒட்டினவரைக் கேளுங்க” என்றார். “அடுத்தது யாரு?”

நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஊசி குத்தி, குழாயில் பெயர் ஒட்டி, இயந்திரத்தில் ஏற்றி, மதியம் முடிவு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆய்வகத் தொழில்நுட்பத்தில் மூன்று வருடப் பட்டம். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். பட்டமளிப்பு விழாவில் எங்களில் சிலரைத் தனியாக மேடையேற்றி ‘முதல் தலைமுறைப் பட்டதாரிகள்’ என்று கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் ஒருத்தர்கூடச் சான்றிதழை லேமினேட் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. அவர்கள் வீடுகளில் அது பிறக்கும்போதே தெரிந்திருக்கும் போல.

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று கேமரா வழியாகக் கேள்வி கேட்டு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. என் பட்டம் அவர்கள் ஊர்ப் பட்டத்துக்குச் சமம்தான் என்று ஒரு மதிப்பீட்டு நிறுவனம் அறிக்கை கொடுக்க வேண்டும். அடுத்த மாதக் கடைசிக்குள் அறிக்கை போய்ச் சேராவிட்டால் அந்த இடம் பட்டியலில் இரண்டாவதாக இருப்பவருக்குப் போய்விடும்.

இதை அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா அப்பாவின் இஸ்திரிக் கடையில் துணி மடித்து, அறுந்த பட்டன் தைத்து அடுக்குகிறவள். வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

“நீ மூணு வருஷம் படிச்சது அங்க எத்தனை வருஷம்னு பார்ப்பாங்களா?”

“ஆமா.”

“இங்க மூணு வருஷம்னா அங்கயும் மூணு வருஷம்தானே. அங்க என்ன, சூரியன் மெதுவாப் போகுதா?”

அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நாடுகளின் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு நாட்டின் பட்டத்துக்கு நேராகவும் அது எதற்குச் சமம் என்று ஒரு வரி. எங்கள் நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அதற்கு விளக்கம்: மூல ஆவணம் வழங்கிய பல்கலைக்கழகத்தால் மெய்ப்பிக்கப்பட்ட பிறகே மதிப்பிடப்படும். பல நாடுகளுக்கு அந்த நட்சத்திரம் இல்லை. அங்கே பிறந்தவர்கள் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டுக் காலை நீட்டி உட்காரலாம். நான் எழுபத்தொரு சதவீதம், முதல் வகுப்பு. அவர்கள் கணக்கில் அது நடுத்தரம். சரி, நடுத்தரம் என்றே வைத்துக்கொள் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே நான்காம் தேதி விண்ணப்பித்தேன். சான்றிதழின் முன்பக்கத்தை ஸ்கேன் செய்து ஏற்றினேன். ‘மூல ஆவணம் என் வசம் உள்ளது என உறுதி கூறுகிறேன்’ என்று ஒரு கட்டம். டிக் அடித்தேன். பொய் இல்லை. அது கடையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏழு திருப்பி அனுப்பிய அன்று அந்தக் கோபத்தோடு நேராகக் கடைக்குப் போனேன். நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற இடம்தான் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒரு மேஜை, அதன்மேல் நாலு மடிப்புக் கம்பளி, கனத்த மின்சார இஸ்திரிப் பெட்டி, சுவரெல்லாம் ஹேங்கரில் சட்டைகள். அப்பாவுக்கு எழுதப் படிக்க வராது, கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் துணியைத் தொட்டவுடனே அதற்கு எவ்வளவு சூடு என்று சொல்லிவிடுவார்.

“ஏன்ப்பா லேமினேட் பண்ணின?”

“ஏன், என்ன ஆச்சு?”

“சீல் குத்த முடியாதாம். எல்லார் முன்னாடியும் கேவலமா பேசறான். நான் உன்கிட்ட கேட்டேனா? வாங்கிட்டு வந்த அன்னைக்கே தூக்கிட்டுப் போய் ஒட்டிட்டு வந்துட்ட.”

“இருக்கறதுலயே தடியான பிளாஸ்டிக்தான் போடச் சொன்னேன்” என்றார் அப்பா. குற்றச்சாட்டு அவருக்கு இன்னும் புரியவில்லை. “அம்பது வருஷம் தாங்கும்னான்.”

“அம்பது வருஷம் இந்த மாடிப்படிக்கு அடியிலயே வெச்சுக்க.”

அம்மா ஊசியை வாயில் கவ்விக்கொண்டே, “மெதுவாப் பேசுடி, மேல ஆள் இருக்கு” என்றாள்.

“நீ ஒட்டினதை நீயே பிரிச்சுக் குடு” என்று சான்றிதழை மேஜைமேல் போட்டுவிட்டு வந்துவிட்டேன். நான் சொன்னது அதுதான், வார்த்தை மாறாமல். கோபத்தில் சொல்வதை யாரும் வேலையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறவர்கள் அப்பா மாதிரி ஒருத்தரோடு வாழ்ந்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் மூன்று மணிக்கு வேலை முடிந்து வரும்போது கடையில் பெட்டியின் ஒயர் பிடுங்கப்பட்டிருந்தது. மூன்று மணிக்குப் பெட்டி அணைந்திருந்து நான் பார்த்ததில்லை. அப்பா முதல் படியில் உட்கார்ந்திருந்தார். அம்மா துணி எதுவும் மடிக்காமல் நின்றாள்.

மேஜைமேல் சான்றிதழ் காகிதமாகவே இருந்தது. பிளாஸ்டிக் சுத்தமாகப் பிரிந்திருந்தது. ஒரு கிழிசல் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. பூ வேலைப்பாடு போட்ட ஓரம், மேலே சின்னம், கீழே துணைவேந்தரின் கையெழுத்து, எல்லாம் அப்படியே இருந்தன. நடுவில் என் பெயர் இல்லை. பாடம் இல்லை, வகுப்பு இல்லை, பதிவு எண் இல்லை. என் பெயர் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக்கில் இருந்தது. அதைப் புரட்டினால் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாக இருந்தது.

“உங்கம்மாவோட பழைய லேமினேட் பண்ணின ஆஸ்பத்திரி அட்டையில முதல்ல பார்த்தேன்” என்றார் அப்பா. “ஈரத் துணி போட்டு, பட்டுக்கு வெக்கற சூடுதான் வெச்சேன். தோல் உரியற மாதிரி வந்துடுச்சு. எழுத்து ஒண்ணும் ஆகலை. அதனாலதான் இதுல கை வெச்சேன்.”

அம்மாவின் அட்டையில் பேனாவால் எழுதியிருந்தார்கள். சான்றிதழின் ஓரமும் சின்னமும் அச்சகத்தில் அடித்தவை. பெயரும் எண்ணும் லேசர் பிரிண்டரில் பிறகு ஏற்றியவை. அந்தக் கறுப்புப் பொடி சூட்டில்தான் காகிதத்தில் ஒட்டுகிறது. சூடு பட்டால் இளகி எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது யாருக்கும் தெரியாது. முந்தின நாள் நான் அவரிடம் கத்தாமல் கடைத்தெருவில் யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அன்றைக்கு நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். சாதாரணக் குரலில் கேட்டேன்.

“இத்தனை வருஷத்துல எத்தனை பேர் சட்டையை எரிச்சிருக்க?”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

“ஒண்ணுகூட இல்ல பாப்பா.”

“அப்ப என்னுதை மட்டும்.”

அம்மா சொன்னாள்: “ஏண்டி, நீதானே பிரிச்சுக் குடுன்ன. நீ சொல்லி இந்த மனுஷன் எதைச் செய்யாம இருந்திருக்கார்? காலையில இருந்து மூணாம் மாடி ஆளு பேன்ட்டுக்கு வந்து வந்து போறான். இவர் இதை வெச்சுக்கிட்டு உயிரைக் குடுத்துட்டு இருந்தார்.”

மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினேன். அப்பாவும் கிளம்பி நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. பெயர் போன சான்றிதழையும் பிளாஸ்டிக்கையும் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து நூல் கட்டி ஒரு பையில் போட்டிருந்தார்.

“நீ எதுக்குப்பா?”

“நான்தான் தேய்ச்சேன்னு சொல்லணும்ல. இல்லைன்னா நீ ஏதோ பண்ணிட்டன்னு நினைப்பாங்க. உன் பேர்ல தப்பு இல்லைன்னு தெரியட்டும்.”

பேருந்தில் அதையே இரண்டு தரம் சொன்னார். என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். “ஐயா, நான் இஸ்திரி போடறவன். சூட்டுல ஒட்டினது சூட்டுல விடும்னு நினைச்சேன்” என்று தொடங்குவதாக இருந்தார்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பையன் நின்றிருந்தான். என் வயதுதான் இருக்கும். அவன் முறை வந்ததும் ஜன்னலுக்குள் ஒரு காகிதத்தை நீட்டினான். சல்லடை மாதிரி ஓட்டை.

“என்னங்க இது?” என்றார் ஏழு.

“அம்மா பத்திரமா இருக்கட்டும்னு அரிசி டின்னுக்குள்ள வெச்சிருந்தாங்க சார். வண்டு…”

ஏழு காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு பக்கத்து ஜன்னல்காரரைக் கூப்பிட்டார்.

“எட்டு, இங்க பாரு. டிகிரியை வண்டு படிச்சு முடிச்சிருச்சாம். முதல் வகுப்பு குடுத்துரலாமா?”

எட்டு எழுந்து வந்து பார்த்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பையனின் காது மடல் சிவந்து போயிற்று. அவனும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. ரோஸ் நிறத்தில் ஒரு படிவத்தை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்று எழுத ஆரம்பித்தான்.

“அப்பா, நீ அந்தத் தூண்கிட்ட நில்லு” என்றேன்.

“ஏன்? நான் சொல்றேனே.”

“நான் பேசிக்கறேன். கூட்டமா இருக்கு. போய் நில்லு.”

அவர் போய் நின்றார். நான் ஜன்னலுக்கு வந்தேன். இரண்டு நாளைக்கு முன்னால் என்னைப் பார்த்தது ஏழுக்கு நினைவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முகம்.

“டூப்ளிகேட் வேணும் சார்.”

“ரெண்டு ஃபாரம் இருக்கு. சிதைஞ்சுதுன்னா ரோஸ். மிச்சம் மீதியைக் குடுக்கணும், எப்படி ஆச்சுன்னு எழுதணும், யார் கையால ஆச்சோ அவங்க கையெழுத்து வேணும். கமிட்டி பார்க்கும். கமிட்டி எப்ப உக்காரும்னு எனக்குத் தெரியாது. தொலைஞ்சுதுன்னா வெள்ளை. போலீஸ் ரிப்போர்ட், அஃபிடவிட். அவசரம்னு போட்டா மூணு வாரம். உங்களுக்கு எது, தொலைஞ்சுதா சிதைஞ்சுதா?”

கமிட்டி எப்போது உட்காரும் என்று தெரியாது என்பதால்தான் வெள்ளையைக் கேட்டேன் என்று பிறகு பல பேரிடம் சொன்னேன். நாள் கடந்துவிடும் என்ற பயம் என்றேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பயம் இருந்தது உண்மை. ஆனால் அந்த ஜன்னலில் என் வாயைத் திறந்தது அது இல்லை. ‘எங்கப்பா இஸ்திரி போட்டுட்டார்’ என்ற மூன்று வார்த்தையை நினைத்தேன். எட்டு மறுபடி எழுந்து வருவது மனதில் தெரிந்தது. தூணுக்குப் பக்கத்தில் மடிப்பு கலையாத சட்டையோடு நிற்கிற ஆளை எல்லாரும் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது.

“தொலைஞ்சு போச்சு சார்” என்றேன்.

வாசலுக்கு வெளியே ஒரு மேஜையில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு அஃபிடவிட் அடிக்கிறவர் இருந்தார். அந்த வட்டாரமே அவரை ‘வக்கீல்’ என்று கூப்பிட்டது. அவர் வக்கீல் இல்லை. என் பெயரைக் கேட்டு அடித்துக்கொண்டே, “பஸ்ஸா, ஆட்டோவா?” என்றார்.

“என்னது?”

“எதுல தொலைஞ்சுது? பஸ்னு போடறேன். எல்லாரும் பஸ்லதான் தொலைப்பாங்க. இத்தனை டிகிரியையும் ஏத்திக்கிட்டு அந்த பஸ்ஸு எங்கதான் போகுதோ.”

“சரி, பஸ்.”

“தேதி போன வருஷம்னு போட்டுடறேன். நேத்துன்னு போட்டா, தேடிப் பார்த்தியா, டிப்போல கேட்டியான்னு ஸ்டேஷன்ல அலைய விடுவான். பழசுன்னா எவனும் கேக்க மாட்டான். அனுபவத்துல சொல்றேன் தங்கச்சி.”

தலையாட்டினேன். காகிதம் சூடாக வெளியே வந்தது. கீழே நான் கையெழுத்துப் போடும்போது அப்பா தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“என்ன எழுதியிருக்கு?”

“தொலைஞ்சு போச்சுன்னு.”

“தொலையலையே. பையில இருக்கே.”

வக்கீல் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். பிறகு பிரிண்டரைப் பார்த்துக்கொண்டார்.

“சும்மா இருப்பா” என்றேன்.

“நான் எங்க கையெழுத்துப் போடணும்?”

“நீ போட வேண்டாம்.”

“அப்ப நான் எதுக்கு வந்தேன்?”

“எனக்குத் துணைக்கு.”

அவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். திரும்பி வருகிற பேருந்தில் எதையும் மனப்பாடம் செய்யவில்லை.

காவல் நிலையத்தில் வக்கீல் சொன்னபடியே யாரும் எதுவும் கேட்கவில்லை. பத்தொன்பதாம் நாள் டூப்ளிகேட் வந்தது. நல்ல தடித்த காகிதம். மூலையில் ‘மறுபிரதி’ என்று சிவப்பு முத்திரை, புது எண். ஏழு பின்பக்கத்தில் நீலச் சீல் குத்தினார். கட்டைவிரலால் தேய்த்தும் காட்டினார். “இப்ப நிக்குது பாருங்க.” அன்று மாலையே ஸ்கேன் செய்து ஏற்றினேன். கெடுவுக்கு மூன்று வாரத்துக்கும் மேல் இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் மேலாளரிடம் வேலையை விடப்போவதாகச் சொன்னேன். அம்மா மேல்மாடி வீடுகளில் சொன்னாள். அப்பா யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பெட்டி முன்பு மாதிரி அணையாமல் ஓடிற்று.

எட்டு நாள் கழித்து மதிப்பீட்டு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மதிய இடைவேளையில், ரத்தக் குழாய்கள் சுற்றுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். மரியாதையான மொழி. ஒரு சொல்கூடக் கடுமை இல்லை.

நான் நான்காம் தேதி ஏற்றிய ஆவணத்தைச் சரிபார்க்கும்படி அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் பதில் அனுப்பியிருக்கிறது: அந்த எண் கொண்ட சான்றிதழ் ரத்து செய்யப்பட்டது, உரியவர் அது தொலைந்ததாகச் சத்தியம் செய்து கொடுத்துள்ளார், நகல் இணைக்கப்பட்டுள்ளது. நகலில் தொலைந்த தேதி போன வருடம். ஆனால் இந்த வருடம், நான்காம் தேதி, மூல ஆவணம் என் வசம் இருப்பதாக நான் உறுதி கூறியிருக்கிறேன். போன வருடம் தொலைந்த பொருள் இந்த வருடம் என் கையில் இருக்க முடியாது. ஆகவே இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று தீர்மானிப்பது தங்கள் வேலை அல்ல. கோப்பு மூடப்படுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு நான் மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. இந்தக் கடிதத்தின் பிரதி மருத்துவமனைக்கும் அனுப்பப்பட்டுள்ளது.

மூன்று தரம் படித்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை. நான் அவர்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. திட்டுவதற்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அன்றே ஏழாம் ஜன்னலுக்கு ஓடினேன். “சார், அது தொலையலை. சிதைஞ்சுது. மிச்சம் வீட்ல இருக்கு. கொண்டு வந்து காட்டறேன். அப்படின்னு ஒரு லெட்டர் மட்டும் அவங்களுக்கு எழுதிக் குடுங்க.”

ஏழு பேனாவைக் கீழே வைத்தார். கேலி செய்யவில்லை.

“தொலையலைன்னு எழுதினா அஃபிடவிட் பொய்னு ஆகும்மா. நான் எழுதற லெட்டர் முதல்ல போலீஸுக்குத்தான் போகும். தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?”

ஜன்னல் பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

“அன்னைக்கே ரோஸ் ஃபாரம் கேட்டிருக்கலாமே. கமிட்டி அடுத்த வாரமே உக்காந்துச்சு. பதினாலு ஃபைல், ஒரே நாள்ல முடிச்சாங்க. அந்த வண்டுப் பையன்கூட வாங்கிட்டுப் போயிட்டான். சிதைஞ்சதுக்கு நம்பர் மாத்த மாட்டோம், அதே நம்பர்தான்.” பிறகு கேட்டார், “நிஜமா என்னதான் ஆச்சு?”

“ஒண்ணுமில்ல சார்” என்றேன். அப்போதும் சொல்ல வரவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் மருத்துவமனையிலிருந்து ஒரு வரி வந்தது. இடம் நிரப்பப்பட்டுவிட்டது, என் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்.

கடையில் அப்பா ஒரு குழந்தையின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சின்னச் சட்டைதான் கஷ்டம் என்பார், பெட்டியின் முனை உள்ளே போகாது. என் முகத்தைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“என்ன சொல்லிட்டாங்க?”

“செல்லாதுன்னுட்டாங்க.”

“புதுசு குடுத்தியே?”

“அதுவும்தான்.”

அம்மா மடித்துக்கொண்டிருந்த போர்வை அவள் கையில் பாதியில் நின்றது. அப்பா மேஜைமேல் இருந்த சட்டையின் காலரை விரலால் நீவினார். சுருக்கம் எதுவும் இல்லை.

“நான் தேய்ச்சதாலதானே?” என்றார்.

இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் அடுத்து, பின்னே எதனால் என்று கேட்பார். அன்றைக்கு அந்த வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் அவர் நின்றபோது, என் வாயில் எது வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அவர் கையெழுத்தைப் போட விட்டிருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். நடந்ததை எனக்காகச் சொல்லத்தான் அவர் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

“ஆமா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். முதலிலேயே தெரிந்த விஷயத்தை யாரோ மறுபடி சொன்ன மாதிரி. குழந்தையின் சட்டையை மடித்து அடுக்கின்மேல் வைத்தார். பிறகு ஒயரைப் பிடுங்கினார்.

மேலாளர் என்னை மறுபடி சேர்த்துக்கொண்டார், “போறேன்னு சொன்னவங்க” என்று மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லி. திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது என் வெள்ளைக் கோட்டு கொடியிலிருந்து எடுத்தபடியே கசங்கிக் கிடந்தது.

“தேய்க்கலையாப்பா?”

“உன் பொருளை நான் தொடலை பாப்பா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் ஊர் முழுக்க உள்ளவர்களின் சட்டைகள் விறைப்பாகத் தொங்கின.

ஏழு மாதமாகிறது. கோட்டை நானே தேய்த்துக்கொள்கிறேன். எனக்கு வரவில்லை. காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே இருக்கிறது. நான் தேய்க்கும்போது அப்பா பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார். ஒரு தடவை கை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்க்கிற பார்வையில் ஏதோ இருக்கிறது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் கூட்டிக் கழிக்கத் தெரியும்.

நான் இன்னும் சொல்லவில்லை.